தூசு, புகை, மூச்சு: கிருஷ்ணகிரி, தர்மபுரிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் வேதியியல் சொல்லித்தருகிறேன். கல்குவாரியும் மாந்தோப்பும் அடுத்தடுத்து இருக்கும் ஊர் எங்களுடையது. பெற்றோர் கூட்டத்திலும் டீக்கடையிலும் பால் ஊற்றும் இடத்திலும் என்னை நிறுத்திக் கேட்ட கேள்விகள் இவை. கேட்டவர்களின் சொற்களைக் கூடியவரை அப்படியே விட்டிருக்கிறேன்.

தூசு என்றால் மண்தானே? மண்ணிலேயே பிறந்து வளர்ந்த நம்மை அது என்ன செய்துவிடும்?

இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிடக் காட்டிவிடுவது எளிது. சென்ற ஆண்டு தை மாதம் ஒரு கண்ணாடித் துண்டில் வாஸ்லைன் தடவி, இரவு முழுவதும் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் வைத்தேன். மறுநாள் பள்ளி நுண்ணோக்கியில் அதை வைத்து, மாணவர்களை வரிசையாக வந்து பார்க்கச் சொன்னேன். உடைந்த வளையல் சில்லுபோல் கூர்முனையோடு கல் துணுக்குகள். கொத்துக் கொத்தாக ஒட்டிய கரித்துளிகள். மஞ்சள் நிறத்தில் உருண்டையாகச் சில மகரந்தங்கள். ஒரு துணி நூல். சக்கரத்திலிருந்து தேய்ந்து வந்ததுபோல் கறுப்பாக, நீளமாக, மெழுகுத்திரிபோல் உருண்ட ஒன்று. ஒரு சிறுமி, "சார், இது ஒரு ஊரே இருக்கு" என்றாள்.

நாம் தூசு என்று ஒரே பெயர் வைத்து அழைப்பது ஒரே பொருள் அன்று. களத்து மேட்டில் கேழ்வரகு தூற்றும்போது எழும் தூசும், டிரில் போடும்போது பாறையிலிருந்து கிளம்பும் தூசும் பார்வைக்கு ஒன்றுதான். நுரையீரலுக்குள் போனால் இரண்டும் வேறு வேறு. எந்தத் தூசைப் பற்றியும் முதலில் கேட்க வேண்டியவை இரண்டு: எவ்வளவு சிறியது, எதனால் ஆனது?

பி.எம். 10, பி.எம். 2.5 என்று செய்தியில் சொல்கிறார்களே, அது என்ன கணக்கு?

மைக்ரான் கணக்கு. பி.எம். என்றால் காற்றில் மிதக்கும் துகள், பக்கத்தில் வரும் எண் அதன் அளவு. ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். நம் தலைமுடியின் தடிமன் சுமார் 50 முதல் 70 மைக்ரான். 10 மைக்ரானும் அதற்குக் கீழும் உள்ளவை பி.எம். 10, 2.5 மைக்ரானும் அதற்குக் கீழும் உள்ளவை பி.எம். 2.5.

அளவு ஏன் முக்கியம் என்றால், துகள் எங்கே போய்ச் சேரும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. பெரியவை மூக்கிலும் தொண்டையிலும் மோதி நின்றுவிடும். தும்மினாலும் காறித் துப்பினாலும் வெளியே வந்துவிடும். 2.5 மைக்ரானுக்குக் கீழுள்ளவை மூச்சுக்குழாயின் கடைசிக் கிளைவரை சென்று, காற்று நுண்ணறைகளில் தங்கும். அங்கே சளிப்படலமும் இல்லை, தூசைப் பெருக்கித் தள்ளும் மயிரிழைகளும் இல்லை.

இன்னொன்று, காற்றில் நிற்கும் நேரம். அசையாத காற்றில் பத்தடி உயரத்திலிருந்து 10 மைக்ரான் கல்துகள் தரையைத் தொட ஆறு நிமிடம் போதும். அதே கல்லின் 1 மைக்ரான் துகளுக்கு ஏறக்குறைய ஒன்பது மணி நேரம் வேண்டும். சிறு காற்று அடித்தாலும் அது இறங்குவதே இல்லை. கல் உடைக்கும் கிரஷர் நின்ற பிறகு "தூசு அடங்கிவிட்டது" என்கிறோம். கண்ணுக்குத் தெரிந்தது மட்டும்தான் அடங்கியிருக்கிறது.

எங்கள் வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் கிரஷர். காலையில் வாசல் தெளித்தால் வெள்ளையாகப் பால்போல் ஓடுகிறது. அந்தத் தூசு விஷமா?

வாசலில் விழும் வெள்ளைத் தூசில் பெரும்பகுதி கனமானது. கண்ணை உறுத்தும், இருமல் தரும், ஆஸ்துமாக்காரரைப் பாடாய்ப்படுத்தும். ஆனால் என் கவலை அதோடு சேர்ந்து வந்து, விழாமல் மிதந்துகொண்டிருக்கும் பங்கைப் பற்றியது.

நம் மாவட்டத்துக் கருங்கல்லும் கிரானைட்டும் பல கனிமங்கள் சேர்ந்தவை. அவற்றில் ஒன்று குவார்ட்ஸ், அதாவது படிக சிலிக்கா. கிரானைட்டில் குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு குவார்ட்ஸ்தான். சிலிக்கான் அணுவும் ஆக்சிஜன் அணுவும் மாறி மாறிக் கைகோத்து நிற்கும் பின்னல் அது. பாறையை உடைக்கும்போது, அரைக்கும்போது, அறுக்கும்போது அந்தப் பிணைப்புகள் அறுபடுகின்றன. அறுபட்ட முனைகள் இணை தேடும் நிலையில், வினைக்குத் துடித்துக்கொண்டு இருக்கும். ஈரம் பட்டவுடன் அவை ஹைட்ராக்சில் தனி உறுப்புகளை உண்டாக்கும். கொழுப்பு, புரதம், மரபணு என்று பக்கத்தில் இருப்பது எதுவானாலும் அதைத் தாக்கும் துகள்கள் அவை. இதனால்தான் புதிதாக உடைத்த கல்லின் தூசு, பல நாள் கிடந்த தூசைவிடக் கொடியது. ஆற்றோரத்துப் பழைய மணலில் குழந்தை விளையாடுவதும் பாறையைத் துளைக்கும் ஜாக்கி ஹாமர் முனையில் ஒருவர் நிற்பதும் ஒன்றாகாது.

நுண்ணறைக்குள் போன சிலிக்காத் துகளை அங்கே காவல் நிற்கும் வெள்ளணு விழுங்குகிறது. கிருமியாக இருந்தால் செரித்துவிடும். இது கல். செரிக்க முடியாமல் அந்த வெள்ளணு வெடித்துச் சாகிறது, துகள் வெளியே வருகிறது, அடுத்த வெள்ளணு விழுங்குகிறது, அதுவும் சாகிறது. ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் அழற்சி, அதன் மேல் தழும்பு. பஞ்சுபோல் விரிந்து சுருங்க வேண்டிய நுரையீரல் தழும்பேறித் தோல்போல் இறுகுகிறது. இதுதான் சிலிக்கோசிஸ். படிக சிலிக்காத் தூசு நுரையீரல் புற்றுநோய்க்கும் காரணம் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதிப்படுத்தியிருக்கிறது.

எனவே, ஊர் மக்களுக்கு ஆபத்து இருக்கிறது. ஆனால் அவர்களைவிடப் பலமடங்கு ஆபத்து கிரஷர் வாயில் நிற்பவருக்கும் டிரில் போடுபவருக்கும் கிரானைட் அறுப்பவருக்கும்தான். அமெரிக்காவில் எட்டு மணி நேர வேலைக்குக் காற்றில் அனுமதிக்கப்படும் படிக சிலிக்கா ஒரு கன மீட்டருக்கு 50 மைக்ரோகிராம். தண்ணீர் விடாமல் கல்லில் துளைபோடும் ஒருவரைச் சுற்றி எழும் மேகத்தைப் பார்த்தவர்களுக்கு, அந்த அளவு எந்த மூலைக்கு என்பது தெரியும்.

என் வீட்டுக்காரருக்கு டி.பி. மருந்து கொடுத்தார்கள். ஆறு மாதம் சாப்பிட்டும் மூச்சிரைப்பு போகவில்லை. ஏன்?

இதைக் கேட்ட அம்மாவிடம் நான் முதலில் கேட்டது, "அவர் என்ன வேலை பார்த்தார்?" என்பதுதான். பதினெட்டு வருடம் குவாரி.

என் பெரியப்பாவுக்கும் இதே கதைதான். எக்ஸ்-ரேயில் இரண்டு நுரையீரலின் மேல்பகுதியிலும் புள்ளி புள்ளியாக வெள்ளை. சளியில் கிருமி இல்லை. ஆனாலும் காசநோய் என்று எழுதி, இரண்டு முறை முழு மருந்தும் கொடுத்தார்கள். அவர் என்ன தொழில் செய்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய விஷயம் என்று அவருக்குத் தெரியாது. கடைசி இரண்டு வருடம் திண்ணையில் உட்கார்ந்தபடியே தூங்கினார். படுத்தால் மூச்சு முட்டும்.

சிலிக்கோசிஸும் காசநோயும் எக்ஸ்-ரேயில் ஒன்றுபோல் தெரியலாம். அதைவிடச் சிக்கல், சிலிக்கோசிஸ் உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பலமடங்கு அதிகம். சிலிக்காவை விழுங்கிச் சாகும் அதே வெள்ளணுக்கள்தானே காசநோய்க் கிருமியையும் தடுக்க வேண்டியவை. ஆகவே இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். காசநோய் மருந்தை ஒருபோதும் நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆனால் மருத்துவரிடம் போனவுடன், அவர் கேட்காவிட்டாலும், "இத்தனை வருடம் குவாரியில், டிரில் வேலை, தண்ணீர் விடாமல்" என்று தொழிலைச் சொல்லிவிடுங்கள்.

சிலிக்கோசிஸுக்குக் குணமாக்கும் மருந்து கிடையாது. வேலையை விட்ட பிறகும் அது முற்றலாம். பெரும்பாலும் பத்து வருடத்துக்கு மேல் தூசில் நின்ற பிறகே தலைகாட்டும். தூசு மிக அதிகமானால் சில வருடங்களிலேயே வந்துவிடும். முழுக்க முழுக்கத் தடுக்கக்கூடிய நோய் என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

துண்டைக் கட்டிக்கொண்டால் போதாதா?

போதாது. துண்டின் இழைகளுக்கு நடுவே உள்ள சந்து பல பத்து மைக்ரான். முற்றத்துக்கு வேலி போட்டுக் கொசுவைத் தடுப்பதுபோல்தான். நனைத்துக் கட்டினாலும் பெரிய தூசுதான் ஒட்டும். என்95 முகக்கவசம் 0.3 மைக்ரான் அளவுத் துகளில் குறைந்தது 95 சதவீதத்தைப் பிடிக்கும். பிடிப்பதற்கு மிகக் கடினமான அளவே அதுதான் என்பதால் அதை வைத்துச் சோதிக்கிறார்கள். ஆனால் தாடி இருந்தாலோ மூக்கருகே இடைவெளி இருந்தாலோ பக்கவாட்டில் காற்று நுழைந்துவிடும். வெயிலில் கல் சுமப்பவர் எட்டு மணி நேரம் அதைப் போட்டிருப்பது எவ்வளவு கடினம் என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் தூசு கிளம்பும் இடத்திலேயே தண்ணீர் தெளித்து அடக்குவதும், கல்லைக் கொண்டுசெல்லும் கன்வேயரை மூடுவதும்தான் முதல் வேலை என்கிறேன். டிரில் முனையில் தண்ணீர் ஓடினால் தூசு சேறாகி வழிந்துவிடும். அந்தச் செலவு முதலாளியுடையது. கூலிக்காரரின் தலையில் கட்டக் கூடாது.

வெல்லமும் வாழைப்பழமும் சாப்பிட்டால் உள்ளே போன தூசு கரைந்துவிடும் என்கிறார்களே?

வெல்லம் உணவுக்குழாய் வழியே வயிற்றுக்குப் போகிறது. தூசு மூச்சுக்குழாய் வழியே நுரையீரலுக்குப் போகிறது. இரண்டும் சந்திப்பதே இல்லை. தொண்டையில் ஒட்டியதை வேண்டுமானால் வழித்துக்கொண்டு போகும். பசிக்குச் சாப்பிடுங்கள்; காப்பு என்று நம்பி முகக்கவசத்தைக் கழற்றாதீர்கள்.

தோப்பில் மாம்பூ கருகுகிறது. தூசுதான் காரணமா?

இலைமேல் தூசு படிந்தால் வெயில் படுவது குறையும், இலைத்துளை அடைபடும், உணவு தயாரிப்பது குறையும். இது எந்த மரத்துக்கும் பொருந்தும். ஆனால் பூ கருகத் தத்துப்பூச்சியும் சாம்பல் நோயும்கூடக் காரணமாகலாம். சாலையோர வரிசை மட்டும் கருகி, தோப்பின் உட்புறம் செழித்திருந்தால் தூசைச் சந்தேகியுங்கள்.

நாங்கள் தொப்பூர்ப் பக்கம். குவாரி இல்லை, ஆலை இல்லை. எங்களுக்கென்ன?

உங்களுக்கு நெடுஞ்சாலை இருக்கிறது. லாரி கக்கும் கரும்புகையில் உள்ளவை பெரும்பாலும் 0.2 மைக்ரானுக்கும் சிறியவை. நடுவில் கரி உருண்டை. அதன் மேல் எரியாத டீசலின் ஆவிகளும் பல வளைய ஹைட்ரோகார்பன்களும் பூச்சுபோல் படிந்திருக்கும். நெல்லிக்காய் மேல் தேன் படிந்ததுபோல என்று வகுப்பில் சொல்வேன். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று 2012-ல் அதே புற்றுநோய் ஆய்வு முகமை அறிவித்தது. 2020 ஏப்ரல் முதல் விற்கும் வண்டிகளுக்கு பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி, டீசலில் கந்தகம் பத்து லட்சத்துக்கு 10 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. கந்தகம் குறைந்ததால்தான் கரியைப் பிடிக்கும் வடிகட்டியைப் புகைக்குழாயில் பொருத்த முடிந்தது. பழைய வண்டிகள் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

புகை வராத தூசும் உண்டு. தொப்பூர்க் கணவாயில் சேலம் நோக்கி இறங்கும் லாரிகள் பிரேக்கை மிதித்துக்கொண்டே வருகின்றன. அந்தக் கருகிய வாடை எல்லாருக்கும் தெரியும். பிரேக் தேயும்போது இரும்பு, தாமிரம், ஆன்டிமனி, பேரியம் எல்லாம் நுண்துகளாகிக் காற்றில் கலக்கின்றன. சாலையோர மண்ணில் ஒரு காந்தத்தைக் காகிதத்தில் சுற்றி உருட்டிப் பாருங்கள்; மீசைபோல் கறுப்பாக ஒட்டிக்கொண்டு வரும். அதில் நம் பாறையின் காந்தக்கல்லும் இருக்கும், பிரேக்கின் இரும்பும் இருக்கும்.

இந்த உலோகங்களின் கெடுதல் வேதியியல் பாடத்தில் வரும் ஃபென்டன் வினைதான். நம் உடலின் உயிரணுக்களில் ஹைட்ரஜன் பெராக்சைடு சிறிதளவு எப்போதும் உண்டாகிறது. இரும்பு அதைத் தொட்டால் அது உடைந்து, சிலிக்காவைப் பற்றிச் சொன்னபோது வந்த அதே ஹைட்ராக்சில் தனி உறுப்பு பிறக்கிறது. வினை முடிந்த இரும்பு பழைய நிலைக்குத் திரும்பி அடுத்ததை உடைக்கத் தயாராகிறது. ஒரே துகள் பலமுறை சுடுகிறது.

விறகடுப்புப் புகை நல்லது, பூச்சி அண்டாது என்று பாட்டி சொல்வார். உண்மையா?

பூச்சி அண்டாது என்பது உண்மை. பூச்சிக்கு ஆகாத புகை பாட்டிக்கு மட்டும் எப்படி ஆகும்?

இந்தப் பக்கத்தில் நான் அதிகம் வற்புறுத்த நினைப்பது இதைத்தான். கிரஷர் தூசு கண்ணில் படுகிறது, அதற்காக மறியல் செய்கிறோம். அடுப்படிப் புகை நம் வீட்டுக்குள்ளேயே இருப்பதால் அதை யாரும் மாசு என்றே எண்ணுவதில்லை. பென்னாகரம் பக்கத்தில் என் மாமியார் வீட்டுச் சமையலறை ஓட்டின் அடிப்பக்கம் தார் பூசியதுபோல் பளபளக்கும். விரலால் தொட்டால் ஒட்டும். கழுவினாலும் லேசில் போகாது. ஓட்டில் ஒட்டியது கண்ணுக்குத் தெரிகிறது. நாற்பது வருடம் ஊதுகுழலைப் பிடித்தவரின் நெஞ்சுக்குள் ஒட்டியதை யார் பார்த்தார்கள்?

காய்ந்த விறகு கொழுந்துவிட்டு எரிந்தால் புகை குறைவு; வரும் கொஞ்சத்தில் கரித்துகள்தான் அதிகம். ஈர விறகும் உண்ணிச்செடிச் சுள்ளியும் மூட்டமாகப் புகைந்தால், மரத்தின் செல்லுலோஸும் லிக்னினும் முழுதாக எரியாமல் உடைந்து நூற்றுக்கணக்கான கரிமப் பொருள்களாக வெளியேறும். அவற்றில் லெவோகுளுக்கோசன் என்று ஒன்று. செல்லுலோஸ் எரிந்தால் மட்டுமே பெருமளவில் வருவது. காற்றில் அது இருந்தால் எங்கோ மரமோ தாளோ எரிகிறது என்று ஆய்வாளர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். பென்சோபைரீன் என்று இன்னொன்று. புற்றுநோய் தரும் பொருள், சிகரெட் புகையிலும் இருப்பது. புகை போக வழியில்லாத அடுப்படியில் சமைக்கும் நேரத்தில் பி.எம். 2.5 ஒரு கன மீட்டருக்குப் பல நூறு மைக்ரோகிராம் இருக்கும். ஆயிரத்தைத் தாண்டுவதும் உண்டு. வீட்டுப் புகையால் 2020-ல் உலகில் 32 லட்சம் பேர் அகால மரணமடைந்தார்கள் என்பது உலக சுகாதார அமைப்பின் கணக்கு. அவர்களில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள்.

கேஸ் வாங்கியும் சிக்கனம் பார்த்து வெந்நீருக்கும் மாட்டுக் கூழுக்கும் விறகு வைப்பவர்கள் அந்த அடுப்பையாவது வெளியே திறந்தவெளிக்குக் கொண்டுபோங்கள். விறகைக் காயவைத்து எரியுங்கள். கர்ப்பிணியையும் கைக்குழந்தையையும் அடுப்பருகே விடாதீர்கள். புகையில் இருந்த தாய்க்குப் பிறக்கும் குழந்தை எடை குறைந்து பிறக்கும் வாய்ப்பு அதிகம்.

கொசுவத்தி?

மூடிய அறையில் வேண்டவே வேண்டாம். ஒரு சுருள் முழுதாக எரிந்தால் வரும் பி.எம். 2.5, சுருளின் வகையைப் பொறுத்து, 75 முதல் 137 சிகரெட் எரிந்தால் வரும் அளவுக்குச் சமம் என்று 2003-ல் வெளியான ஆய்வு அளந்து சொன்னது. வலை கட்டுங்கள்.

மார்கழியில் மட்டும் ஏன் இந்த மூட்டம்? பனி என்று நினைத்தால் பத்து மணிக்கும் கலைவதில்லையே?

பனியும் உண்டு, துகளும் உண்டு. இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கின்றன.

குளிர் இரவில் தரை வேகமாகக் குளிர்ந்து, தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்துவிடும். அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று மூடிபோல் நிற்கும். மலைகளுக்கு நடுவே கிண்ணம்போல் இருக்கும் ஊர்களில் இந்த மூடி இன்னும் இறுக்கம். அடுப்புப் புகை, லாரிப் புகை, குப்பைப் புகை எல்லாம் மேலே போக வழியின்றி அடியிலேயே தேங்கும்.

இதில் வியப்பு என்னவென்றால், இந்தத் துகள்களில் ஒரு பகுதி எந்தக் குழாயிலிருந்தும் வந்தவை அல்ல, காற்றிலேயே பிறந்தவை. நிலக்கரியும் டீசலும் எரியும்போது கந்தக டை ஆக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடும் வாயுவாக வருகின்றன. பக்கத்து மாவட்டத்து மேட்டூர் அனல்மின் நிலையமும் நிலக்கரியைத்தான் எரிக்கிறது. அந்த வாயுக்கள் காற்றிலும் பனித்துளியிலும் ஆக்சிஜனேற்றம் பெற்று கந்தக அமிலமாகவும் நைட்ரிக் அமிலமாகவும் மாறுகின்றன. வயலில் போட்ட யூரியாவும் மாட்டுத் தொழுவமும் விடும் அம்மோனியா அவற்றோடு சேர்ந்தால் அம்மோனியம் சல்பேட், அம்மோனியம் நைட்ரேட். இரண்டும் கண்ணுக்குத் தெரியாத உப்புத்துகள்கள். நைட்ரேட் உப்பு வெயிலில் மீண்டும் வாயுவாகிவிடும். குளிரில்தான் துகளாக நிற்கும். உப்பு ஜாடியில் ஈரம் கோத்துக்கொள்வதுபோல் இவை காற்றின் ஈரத்தை இழுத்துப் பருக்கும். பருத்த துகள் ஒளியைச் சிதறடிக்கிறது. எதிர் மலை மறைகிறது.

இந்த நுண்துகள்கள் மழை வந்து கழுவாவிட்டால் ஒரு வாரம்வரை காற்றில் இருக்கும், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்யும். "எங்கள் ஊரில் ஆலையே இல்லை" என்ற வாதம் அதனால்தான் நிற்பதில்லை.

தூசு நுரையீரலுக்குத்தானே போகிறது? மாரடைப்பு வரும் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

நுண்ணறையின் சுவர் ஒரு மைக்ரானுக்கும் மெல்லியது. அதற்கு அந்தப் பக்கம் ரத்தம். நுரையீரலில் எழும் அழற்சியின் செய்தி ரத்தத்தில் கலந்து உடல் முழுவதும் போகிறது. ரத்தம் உறையும் தன்மை கூடுகிறது, நாளத்தின் உட்சுவர் கெடுகிறது. மிகச் சிறிய துகள்கள் நேராகவே ரத்தத்துக்குள் நுழையவும் செய்கின்றன. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார் ஆறு அமெரிக்க ஊர்களில் எட்டாயிரத்துக்கும் அதிகமானவர்களை 14 முதல் 16 ஆண்டுகள் பின்தொடர்ந்து, 1993-ல் முடிவை வெளியிட்டார்கள். வயது, புகைபிடித்தல் முதலியவற்றைக் கழித்துப் பார்த்த பிறகும், மாசு மிகுந்த ஊரில் இறப்பு விகிதம் மிகச் சுத்தமான ஊரைவிட 26 சதவீதம் அதிகம். அதிகரித்த இறப்புகள் நுரையீரல் புற்றுநோயோடும் இதய நோயோடும் தொடர்புடையவையாக இருந்தன.

போகியும் தீபாவளியும் ஆண்டுக்கு ஒரு நாள்தானே?

ஒரு நாள்தான். பழைய பாயும் துடைப்பமும் எரிப்பதற்கு நான் தடை சொல்லவில்லை. டயரும் பிளாஸ்டிக்கும் வேண்டாம். பி.வி.சி. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடும் டையாக்சின் என்ற நச்சும் வரும். டயர் எரிந்தால் கந்தக டை ஆக்சைடும் வளைய ஹைட்ரோகார்பன்களும் வரும். பட்டாசில் பச்சை நிறம் தருவது பேரியம், சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம். எரிந்த பின் அவை புகையாக நம் தெருவில்தான் நிற்கும். பேரியம் உப்புகளுக்கு உச்ச நீதிமன்றம் 2018-ல் தடை விதித்தது. வீட்டில் மூச்சிரைப்புக்காரர் இருந்தால் அன்றைக்கு ஜன்னலைச் சாத்தி, இன்ஹேலரைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள்.

செல்போனில் பி.எம். 2.5 ஐம்பது என்று காட்டுகிறது. பயப்பட வேண்டுமா?

முதலில் அது மாசின் எடையா, காற்றுத் தரக்குறியீட்டு எண்ணா என்று பாருங்கள், இரண்டும் வேறு. எடை என்றால், இந்தியாவின் 24 மணி நேர வரம்பு ஒரு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம், ஆண்டுச் சராசரி வரம்பு 40. உலக சுகாதார அமைப்பு 2021-ல் வைத்த வரம்பு முறையே 15, 5. ஐம்பது என்பது நம் சட்டத்துக்குள். உடலுக்கு அது நல்ல காற்று அன்று. மேலும், அந்த எண் எங்கோ ஒரு நிலையத்தின் அளவு, அல்லது கணித மதிப்பீடு. உங்கள் அடுப்படியையோ கிரஷர் வாசலையோ அது அளக்கவில்லை. எடை ஒன்றாக இருந்தாலும் சேர்மம் வேறாக இருக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்: 50 மைக்ரோகிராம் கடல் உப்பும் 50 மைக்ரோகிராம் புதுக் குவார்ட்ஸும் ஒரே எண்தான்.

கிரஷர்மேல் புகார் கொடுத்தோம், ஒன்றும் நடக்கவில்லை. எப்படிக் கொடுக்க வேண்டும்?

"தூசாக இருக்கிறது" என்று மட்டும் எழுதினால் ஆய்வுக்கு வரும் நாளில் தண்ணீர் தெளித்துவிட்டுச் சுத்தமாக இருக்கிறது என்று எழுதிப் போய்விடுவார்கள். ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிவரை ஓடியது, காற்று எந்தப் பக்கம் வீசியது, தெளிப்பான் ஓடியதா, லாரியில் தார்ப்பாய் மூடியிருந்ததா. ஒரே இடத்தில் நின்று, ஒரே மரத்தை வைத்துத் தினம் ஒரு படம். பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம், அதில் எத்தனை பிள்ளைகள். இருபது நாள் எழுதினால் போதும். அதன் நகலோடு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க் கூட்டத்தில் ஒரு மனு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஒரு மனு. இரண்டுக்கும் ஒப்புகை வாங்குங்கள். மனுவில் அங்கே வேலை செய்பவர்களுக்கும் சேர்த்தே கேளுங்கள்: தண்ணீர் விட்டு டிரில், மூடிய கன்வேயர், ஆண்டுக்கொருமுறை எக்ஸ்-ரே. ஊருக்கும் கூலிக்காரருக்கும் சண்டை மூட்டிவிட்டுத் தப்பிப்பது எங்கும் நடப்பதுதான். டிரில் பிடிப்பவரும் நம் ஊர்ப் பிள்ளைதான். மனுவில் அவரையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.